கரண்டு போனால் ஓடுமா

குன்னத்துகால் பக்கத்தில் யாருக்காவது வீட்டு மேல் சோலார் வைக்க வேண்டுமென்று தோன்றினால் பாறசாலைக் கடைக்கு நேராகப் போகமாட்டார்கள். முதலில் ஸ்ரீகுமாரியிடம் விசாரிப்பார்கள். கடைக்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள், அவள் ஒன்று சொன்னால் அது அப்படியே இருக்கும் என்று ஒரு பேச்சு அந்த வட்டாரத்தில் இருந்தது. அந்தப் பேர் எடுக்க அவளுக்கு ஏழு வருஷம் ஆயிற்று.

அதற்கு முன் அவள் முந்திரி ஆபீஸில் இருந்தாள். பதினெட்டு வயதில் மாநில எல்லை தாண்டிக் கொட்டை உடைக்கப் போனவள். கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, இருபது வருஷம் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை போனபோது கேட் பூட்டியிருந்தது. புருஷன் சதாசிவன் ரப்பர் வெட்டுகிறவன், மழைக்காலம் முழுக்க அவனுக்கு வேலை இல்லை. கல்ஃபிலிருந்து திரும்பிய கிருஷ்ணன்குட்டி என்பவர் பாறசாலையில் ஒரு கடை போட்டிருக்கிறார், தூத்துத் துடைக்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள்.

அவள் அதுவரை அப்படி ஒரு கடையைப் பார்த்ததில்லை. மண்ணை அழுத்திச் செய்த, சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் செங்கல். உள்ளே பொள்ளலான களிமண் கட்டி. மூங்கில் பலகை. அடுக்களைக் கழிவைப் போட்டால் அடுப்புக்கு காஸ் தரும் தொட்டி. கூரைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றில் விடுகிற பீப்பாய். சுடுதண்ணீர் சோலார், கரண்டு சோலார். ஒவ்வொன்றையும் துடைக்கும்போது, இது எதுக்கு, அது எதுக்கு என்று அங்கே பொருத்து வேலை பார்க்கும் ஜிஜோவிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஜிஜோவும் சலிக்காமல் சொல்வான்.

ஒருநாள் புது வீடு கட்டும் ஒரு ஜோடி களிமண் கட்டிகளின் முன்னால் நின்றது. விற்கிற பையன் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் வெப்பத் தடுப்பைப் பற்றி நீளமாகச் சொன்னான். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் புறப்படப் போனார்கள். மாப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஸ்ரீகுமாரி, "சேச்சி, மத்தியானம் ரெண்டு மணிக்கு இப்பம் இருக்கிய வீட்டுல மேக்குச் சுவருல கைய வச்சுப் பாருங்க. சுடும்லா? இந்தக் கட்டி வச்சுக் கெட்டினா சுடாது. அவ்வளவுதான் காரியம்" என்றாள். மறுவாரம் அவர்கள் கட்டி கேட்டு வந்தார்கள். கிருஷ்ணன்குட்டி மாப்புக் கம்பை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, ஸ்ரீகுமாரியை வீடு வீடாக அனுப்பினார்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எல்லையோரத்துத் தமிழ் வீடுகளில் தமிழ், இரண்டு வளவு தள்ளி மலையாளம், எங்கே போனாலும் அடுக்களை வரைக்கும் போய் உட்காருவாள். சோலார் கரண்டை அவள் விளக்குகிற விதமே தனி. பகலில் உங்கள் வீட்டு மேலிருந்து லைனுக்கு நீங்கள் கொடுப்பீர்கள், சூரியன் போன பிறகு லைன் உங்களுக்குத் திருப்பித் தரும், பக்கத்து வீட்டில் பால் வாங்கி மறுநாள் திருப்பிக் கொடுப்பது மாதிரி என்பாள். விற்ற பொருளின் மேல் அவளுக்கு நிஜமான நம்பிக்கை இருந்தது. காஸ் தொட்டி வைத்த ஒரு வீட்டில் விறகுப் புகை நின்று, அந்தப் பெண்ணின் இருமல் குறைந்ததை நேரில் கண்டிருக்கிறாள். நல்லதைத்தான் விற்கிறோம் என்ற நினைப்போடு நடந்துபோகிறவளுக்கு நடையே வேறு மாதிரி இருக்கும்.

ராஜப்பன் வீட்டுக்கு அவளைக் கூப்பிட்டது அவர் மகள் லிஜா. ஷார்ஜாவில் நர்ஸாக இருக்கிறாள், அங்கிருந்து போனில் பேசினாள். ராஜப்பன் முப்பது வருஷம் பாறை உடைக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். கல்பொடி நெஞ்சுக்குள் இறங்கி, இரண்டு நுரையீரலும் கெட்டிப்பட்டுப் போயிற்று. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் பலதடவை கிடந்து எழுந்தபின், இனி வீட்டிலேயே மிஷின் வைத்து ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற அந்த மிஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருபத்துநாலு மணி நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். கரண்டு பில் வரும் மாதமெல்லாம் தனக்கு நெஞ்சு அடைக்கிறது என்று அவர் மனைவி சுகுமாரி சொன்னாள். கரண்டு போனால் உதவிக்கு ஒரு சிலிண்டர் இருந்தது. சபைக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற நோயாளி உதவிக் குழு இரவலாகக் கொடுத்தது.

ஸ்ரீகுமாரி நாலுதடவை அந்த வீட்டுக்குப் போனாள். ராஜப்பன் மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்தபடி, தான் உடைத்த கல் எந்தெந்தப் பாலத்தில் இருக்கிறது என்று மூச்சு இடைவெளி விட்டுவிட்டுச் சொல்வார். சூரியன் சும்மா தருகிறதை வாங்கிச் சுவாசிக்கப் போகிறேன் என்று ஒருநாள் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

கடைசித் தடவை காகிதங்களில் கையெழுத்து வாங்கப் போனபோது, சுகுமாரி காப்பியை நீட்டியபடி கேட்டாள்.

"பிள்ளே, ஒண்ணு கேக்கட்டு. கரண்டு போனாலும் இது ஓடுமா?"

ஸ்ரீகுமாரிக்கு விடை தெரியும். பாட்டரி இல்லாத சோலார், லைன் போனால் தானும் நின்றுவிடும். எவ்வளவு வெயில் அடித்தாலும் நின்றுவிடும். அப்படி நிற்காவிட்டால், லைன் சரிசெய்ய போஸ்ட்டில் ஏறுகிற ஆளின் கைக்கு வீட்டு மேலிருந்து கரண்டு பாயும், அவன் செத்துப்போவான். ஜிஜோ முதல் வருஷமே இதைச் சொல்லிக் கொடுத்திருந்தான். கேட்டால் சொல்லு, கேட்காவிட்டால் நீயாகச் சொல்ல வேண்டாம் என்பது முதலாளியின் பேச்சு. இங்கே சுகுமாரி கேட்டுவிட்டாள்.

இல்லை என்று சொன்னால் பாட்டரி பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டரி சேர்த்தால் லிஜாவுக்குத் தாங்காது, இரண்டு தடவை போனில் விலை கேட்டு வேண்டாமென்று வைத்துவிட்டாள். அம்மாவுக்கு அது தெரியாது. இந்த நேரத்தில் சொன்னால் சுகுமாரி பயந்துபோய் எல்லாவற்றையுமே வேண்டாமென்பாள், பில் பழையபடி வந்துகொண்டிருக்கும். சிலிண்டர்தான் இருக்கிறதே. இதெல்லாம் அவள் மனதில் ஒரு மடக்குக் காப்பி குடிக்கும் நேரத்தில் ஓடிற்று.

"மோளுல இத்தற பெரிய சோலார் வைக்கோம், பிறவு என்னத்துக்கு அக்கா பயம்?" என்றாள், மாடிப் பக்கம் கை காட்டிச் சிரித்துக்கொண்டே.

ஓடும் என்ற சொல் அதில் இல்லை. பிற்பாடு அவள் அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை பிரித்துப் பார்த்தாள். ஆனால் சுகுமாரியின் முகம் தெளிந்ததை அவள் கண்ணால் கண்டாள். கண்டுவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தாள்.

ஐப்பசி முதல் வாரம் பானல்கள் ஏறின. மீட்டர் மாற்றியதும் ஜிஜோ ஓடவிட்டுக் காட்டினான். அடுத்த நாளே ராஜப்பன் உதவிக் குழுவின் ஆளைக் கூப்பிட்டு, நமக்கு இனி இது தேவையில்லை, வேறு யாராவது மூச்சுக்குத் தவிக்கிறவர்கள் இருப்பார்கள், கொண்டுபோய்க் கொடுங்கள் என்று சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஸ்ரீகுமாரிக்கு அது தெரியாது. அந்த ஒன்பது நாளும் வானம் தெளிவாக இருந்தது. ஒரு தடவைகூடக் கரண்டு போகவில்லை.

பத்தாம் நாள் விடியும்போது காற்றும் மழையுமாக அடித்தது. ரப்பர் மரங்கள் ஒடிந்து லைன் மேல் சாய்ந்தன. ஒன்பது மணிக்கெல்லாம் மேகம் கலைந்து, கழுவிவிட்டது போல் வெயில் வந்தது. பத்து மணிக்குப் போஸ்ட் ஒன்று சரிந்து அந்தப் பகுதி முழுக்கக் கரண்டு போயிற்று.

ஸ்ரீகுமாரி கடையில் ஒருவருக்கு மழைநீர்த் தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. சுகுமாரி.

"பிள்ளே, கரண்டு இல்ல. மிஷின் நின்னு போச்சு. மோளுல நல்ல வெயிலு உண்டு. எந்தச் சுவிச்ச இடணும்?"

ஸ்ரீகுமாரி வாசலுக்கு வந்தாள். "அக்கா, சுவிச்சு ஒண்ணும் இல்ல. லைன் வந்தாத்தான் ஓடும். சிலிண்டரத் திறந்து குடுங்க. நான் வண்டி கொண்டு வாறேன், ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"சிலிண்டரத் திருப்பிக் குடுத்தாச்சுல்லா. நீ பயம் இல்லண்ணு சொன்ன பிறவு."

அந்தப் பக்கத்தில் சுகுமாரி தனக்குள் பேசுவது போல, "மோளுல எலை விழுந்து கெடக்கும். நான் தொடச்சுப் பாக்கேன்" என்றாள். போன் நின்றது. இவள் மறுபடி அடித்தபோது யாரும் எடுக்கவில்லை.

ஜிஜோ ஆம்புலன்ஸுக்குச் சொன்னான். காரக்கோணத்திலிருந்து வருகிற வழியில் மரம் கிடக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். ஸ்ரீகுமாரி ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் ஒடிந்த கிளைகள். லைன்காரர்கள் இரண்டு இடத்தில் போஸ்ட்டில் ஏறி நின்றார்கள். கடைசி அரை மைல் ஆட்டோ போகாது என்றதும் இறங்கி ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினாள்.

முற்றத்தில் நின்று பார்த்தபோது சுகுமாரி மொட்டைமாடியில் இருந்தாள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஈரத்துணியால் பானல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இலை ஒன்றும் இல்லை. கண் கூசும்படி வெயில் அவற்றின் மேல் விழுந்து தெறித்தது. பக்கத்தில் வாளித் தண்ணீர். ஒரு பானல் முடிந்து அடுத்த பானலுக்கு நகர்ந்தாள்.

"இறங்கி வாருங்கக்கா" என்று ஸ்ரீகுமாரி கூப்பிட்டாள்.

உள்ளே ராஜப்பன் கட்டிலின் ஓரத்தில் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்ரீகுமாரியைக் கண்டதும் எதையோ கேட்பது போல ஒரு விரலை மட்டும் தூக்கினார். பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நாற்காலியில் இருத்தித் தூக்கி, விழுந்துகிடந்த மரத்தைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதற்குள் ஏற்றும்போது தலை தொங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உயிர் முன்னாலேயே போய்விட்டது என்றார்கள்.

கரண்டு மத்தியானம் ஒன்றரைக்கு வந்தது. ஆள் இல்லாத கட்டிலுக்குப் பக்கத்தில் மிஷின் தானாக உறுமத் தொடங்கியதாகவும், தான் போய் நிறுத்தியதாகவும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொன்னார்.

லிஜா வந்து, சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. ஸ்ரீகுமாரி எல்லா நாளும் போனாள். பாத்திரம் கழுவினாள், நாற்காலி எடுத்துப் போட்டாள். யாராவது ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. கல்பொடி தின்ற நெஞ்சு, எத்தனை நாள் தாங்கும் என்றார்கள் ஊர்க்காரர்கள். லிஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஓடி வந்து தூக்கினீர்களே சேச்சி என்று அழுதாள். கிருஷ்ணன்குட்டி தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் வாங்கின காகிதத்தில், லைன் போனால் நிற்கும் என்று நாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது, நமக்கு ஒரு பயமும் வேண்டாம் என்றார். அந்த நாலாம் பக்கம் இங்கிலீஷில் இருந்தது. அவளால் எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும்தான் முடிந்தது.

எல்லாரும் மன்னித்துவிட்டது போல இருந்ததுதான் அவளுக்குத் தாங்கமுடியவில்லை. வீடுகளுக்குப் போய் உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை. சதாசிவனிடம் ஒருநாள் சொன்னாள். அவன் ரப்பர் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டே, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தப் பொம்பளைக்கு இருக்கிற துக்கம் போதாதா என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் லிஜா திரும்பிப் போன மறுநாள் அவள் சுகுமாரியிடம் போனாள்.

சுகுமாரி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து மரச்சீனி தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கான அளவு, ஒரே ஒரு கிழங்கு. ஸ்ரீகுமாரி எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அண்ணைக்கு நீங்க கேட்டப்பம் எனக்குத் தெரியும். லைன் போனா சோலாரும் நிக்கும்ணு தெரிஞ்சுதான் அப்பிடிச் சொன்னேன்."

சுகுமாரி கத்தியைக் கீழே வைத்தாள்.

"சாவுக்கு நான் உன்னக் குத்தம் சொல்லல்ல. அவரு போவ வேண்டிய ஆளாக்கும், ஆஸ்பத்திரியிலயே சொல்லியாச்சு" என்றாள். "ஆனா நான் மோளுல நின்னு தொடச்சிட்டிருந்தேன். இது ஓடாதுண்ணு முன்னாலயே தெரிஞ்சிருந்தா, அவருக்க பக்கத்துல இருந்திருப்பேன். கையப் பிடிச்சுட்டு இருந்திருப்பேன். அவரு வாசலப் பாத்துட்டே இருந்தாருண்ணு நீதானே சொன்ன."

அதை ஸ்ரீகுமாரிதான் சொல்லியிருந்தாள். ஆறுதலாக இருக்குமென்று நினைத்துச் சொன்னது.

"போ மக்கா. இனி இங்க வராத."

அவள் எழுந்து வந்தாள். அதன்பின் அவள் செய்தது ஒரே ஒரு காரியம். தான் சொல்லி வாங்கின வீடுகளுக்கெல்லாம், விற்கப் போனது போலவே, ஒவ்வொன்றாக நடந்தாள். அறுபதுக்கு மேல் வீடுகள், குன்னத்துகாலிலிருந்து காட்டாக்கடைப் பக்கம் வரை. லைன் போனால் உங்கள் சோலார் நிற்கும், வெயில் இருந்தாலும் நிற்கும், வீட்டில் மிஷின் வைத்திருக்கிற நோயாளி இருந்தால் வேறு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே பேச்சை எல்லா அடுக்களையிலும் பேசினாள். பாதிப் பேருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது, சிரித்தார்கள். சிலர் இதை விற்கும்போது எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்கள். ஒருவர் வாசலிலேயே நிறுத்தி வசவு சொன்னார். விஜயம்மா என்ற ஒரு டீச்சர் வீட்டில் மட்டும், மூச்சிழுப்புக்கு மிஷின் வைக்கிற மருமகளுக்காக மறுவாரமே பாட்டரி வாங்கினார்கள். அந்த ஒரு வீட்டை நினைத்து அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தான் போகாவிட்டால் இவர்களும் தெரியாமலே இருந்திருப்பார்களே என்ற பயம்தான் வந்தது.

புகார் கடைக்குப் போயிற்று. கிருஷ்ணன்குட்டி கத்தவில்லை. நீ செய்தது தப்பென்று சொல்லமாட்டேன், ஆனால் இனி உன்னை வைத்துக் கடை நடத்த முடியாது என்றார். அவரையும் அவளால் வெறுக்க முடியவில்லை. சுகுமாரி கேட்டது அவரிடமா?

இப்போது அவள் தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிறாள். ஓடை வெட்டுகிறாள், புல் செதுக்குகிறாள். கூட வேலை செய்கிற பெண்கள் வீடு கட்டுகிற சமயத்தில் எந்தக் கல் நல்லது, சோலார் வைக்கலாமா என்று கேட்பதுண்டு. நல்லதுதான், ஜிஜோவிடம் கேளுங்கள் என்று மட்டும் சொல்வாள். அது நல்லதுதான் என்று அவளுக்கு இப்போதும் தெரியும். தன் வாயால் சொல்லத்தான் முடியவில்லை.

மாசி மாதம் லிஜா ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டாள். அம்மா மாடிக்கே ஏறுவதில்லை, துணிகூட முற்றத்தில்தான் காயப்போடுகிறாள், அந்தப் பானல்களைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். அம்மா தன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. சேச்சி என்று ஒருதடவைகூட அவள் கூப்பிடவில்லை.

ஸ்ரீகுமாரி ஜிஜோவிடம் சொல்லி, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பேசி முடித்தாள். கழற்றுகிற அன்று அவளும் போனாள். வளவுக்குள் நுழையாமல் சாலையில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ஜிஜோவும் இன்னொரு ஆளும் பானல்களை ஒவ்வொன்றாக இறக்கி, நடுவில் அட்டை வைத்து அடுக்கிக் கட்டினார்கள். கம்பி இருந்த இடங்களில் மாடித் தளத்தில் துளைகள் இருக்கின்றன, மழைக்கு முன் அடைக்க வேண்டும் என்றான் ஜிஜோ. தானே வந்து அடைத்துத் தருவதாகவும் சொன்னான்.

வண்டி புறப்படும் நேரத்தில் சுகுமாரி கேட் வரைக்கும் வந்தாள். மெலிந்திருந்தாள். ஸ்ரீகுமாரியின் முகத்தைப் பார்க்காமல், வண்டியில் கட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இது போற வீட்டுல சொகமில்லாதவங்க யாராவது உண்டா?"

"இல்லக்கா. நான் போய்ப் பாத்தேன். ரெண்டு வாத்தியாருமாரும் பிள்ளையளும்."

"அவங்களுக்குச் சொன்னியா?"

"சொன்னேன்."

சுகுமாரி தலையை ஆட்டினாள். கேட்டைச் சாத்திக்கொண்டு, முற்றத்துக் கொடியில் காய்ந்திருந்த இரண்டு சேலைகளை எடுத்துத் தோளில் போட்டபடி உள்ளே போனாள். வண்டி புறப்பட்டது. ஜிஜோ முன்னால் ஏறிக்கொள்ளச் சொன்னான். அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டு, வெயிலில் பஸ்ஸுக்கு நடந்தாள்.